எதற்குக் கை தட்டினீர்கள்

கோவில்பதாகை
7 ஜூலை 2025

ஜமீலா மேடம் அவர்களுக்கு,

நான் கிருஷ்ணப்பிரியாவின் அப்பா கஜபதி. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் லாரிகளுக்கு கிளட்ச் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி முழுக்க உங்களுக்கு போன் போட்டுப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. இன்று மைதானத்துக்கு நேரில் வந்தால் வாட்ச்மேன் வேம்புலி சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றைக் காட்டுகிறார். "அண்ணாத்தே, கயிறு தாண்டி அப்பா அம்மா யாரும் வரக்கூடாது. இன்னா சொல்லணுமோ காயிதத்துல எய்தி என்னாண்ட குடு, மேடம் பதில் எய்துவாங்க" என்கிறார். நான் கடைசியாக எழுதியது பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர். அதிலும் வயிற்றுவலி என்று பொய்தான் எழுதினேன். இதில் பொய் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் பெண்களோடு நம் ஆவடி அணி ஆடிய வாலிபால் ஆட்டத்தில் என் மகளை ஆரம்பம் முதல் முடிவு வரை பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். ஒரு ஆட்டம்தானே என்று விட்டிருப்பேன். ஆட்டம் முடிந்த பிறகு, அடுத்த மாதம் பூந்தமல்லியில் நடக்கும் போட்டிக்கும் இறங்குகிற ஆறு பேரில் பிரியா கிடையாது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறீர்கள். ஏன் மிஸ் என்று கேட்டதற்கு "உனக்கே தெரியும்" என்றீர்களாம். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அந்தப் போட்டிக்குத்தான் விளையாட்டு விடுதிக்காரர்கள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தங்க இடம், படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வருகிற மார்கழியில் பிரியாவுக்குப் பதினாறு முடிகிறது. அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். சாயங்காலம் பட்டறையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்து, கயிற்றுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். நீங்கள் கை தட்டும் விதம் எனக்கு ஆரம்பத்தில் புரியவே இல்லை. பிள்ளை எகிறி அடித்துப் பாயிண்ட் எடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். எட்டாத பந்துக்குப் பாய்ந்து, மண்ணில் விழுந்து, பந்தையும் தவறவிட்டு எழுந்தால் பலமாகத் தட்டுவீர்கள். இந்தம்மாவுக்கு ஏதாவது கோளாறா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவர் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர், உங்கள் கேப்டன் ஜெபாவின் அப்பா. "மேடம் முயற்சிக்குத்தான் தட்டுவாங்க சார், ஜெயிச்சதுக்குத் தட்ட மாட்டாங்க" என்று அவர்தான் சொன்னார்.

சரி, அப்படியே இருக்கட்டும். இந்த மூன்று மாதத்தில் அந்த மைதானத்தில் அதிகமாகக் கைதட்டு வாங்கியது யார்? என் மகள். பிறகு எப்படி அவள் பெஞ்சில்? பதில் வேண்டும்.

கஜபதி


நசரத்பேட்டை
9 ஜூலை 2025

கஜபதி சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது வேம்புலி, "சூடா கீது மேடம், பாத்துப் பிரிங்க" என்றார். பிரித்தேன். நீங்கள் கோபப்பட்டதில் தப்பில்லை. என் பெண்ணாக இருந்தால் நான் இன்னும் கொஞ்சம் காரமாகவே எழுதியிருப்பேன்.

முதலில் கயிறு. போன வருஷம் ஒரு அப்பா கோர்ட் ஓரத்தில் நின்று "அடி, அடி" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவர் பெண் பந்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். பந்து மூக்கில் பட்டு ரத்தம் கொட்டியது. அன்றைக்குக் கட்டிய கயிறு அது. போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடுகிறது. எழுதும்போது யாராக இருந்தாலும் ஒரு தரம் யோசிக்கிறோம். அதனால்தான் காகிதம் கேட்கிறேன்.

அடுத்தது கைதட்டு. நான் ஆடிய காலத்தில் என் கோச் என்னை "பிறவி ஆட்டக்காரி" என்பார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்வார். நானும் நம்பினேன். கல்லூரிக்குப் போனதும் என்னைவிட உயரமான, வேகமான பெண்கள் எதிரே வந்து நின்றார்கள். தோற்றால் பிறவி ஆட்டக்காரி இல்லை என்று ஆகிவிடுமே. அந்தப் பயத்தில் கஷ்டமான பந்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். போகாமல் விட்டால், போயிருந்தால் எடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அப்படிச் சொல்லிச் சொல்லியே என் ஆட்டம் முடிந்துபோனது. என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு அது நடக்கக் கூடாது. "உனக்குத் திறமை இருக்கிறது" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எட்டுமா எட்டாதா என்று தெரியாத பந்துக்குப் போகிறவளுக்குத்தான் தட்டுவேன். திறமை எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. இன்றைக்குப் போனாளா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பிரியா. அம்பத்தூர் ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில் அவளுக்கு இடப்பக்கம் ஒரு பந்து வந்தது. இரண்டு எட்டு வைத்தால் நின்றுகொண்டே எடுக்கலாம். அவள் வைக்கவில்லை. காத்திருந்தாள். பந்து இறங்கி, இனி பாய்ந்தால்தான் உண்டு என்ற நேரம் வந்ததும் பாய்ந்தாள். பந்து போயிற்று. மண்ணிலிருந்து எழும்போது அவள் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நானும் பழக்கத்தில் தட்டிவிட்டேன். தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து, அவள் இதற்கு முன் விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. வலது தோள் முதலில், அப்புறம் ஒரு உருளல், முடி கலையாமல் எழுவது. பந்துக்காக விழுகிறவள் அத்தனை அழகாக விழ மாட்டாள் சார். அவள் எனக்காக விழுகிறாள்.

பின்வரிசையில் அப்படி ஒருத்தி நின்றால் மற்ற ஐந்து பேரும் அவளை நம்பி ஆட முடியாது. அதனால்தான் பெஞ்ச். நான் உங்களிடம் கேட்பது ஒன்று. அந்த உருளலை நான் சொல்லித் தரவில்லை. யார் சொல்லித் தந்தது?

ஜமீலா


கோவில்பதாகை
11 ஜூலை 2025

மேடம்,

நான்தான் சொல்லித் தந்தேன்.

எங்கள் மொட்டைமாடியில் பழைய மெத்தையை விரித்து, அதன் மேல் கோணிப்பையைப் போட்டு, தினமும் சொல்லித் தந்தேன். சின்ன வயதில் நான் கபடி ஆடியவன். அடிபடாமல் விழுவது எனக்கு நன்றாகத் தெரியும். தோளைக் கொடு, முட்டியைக் காப்பாற்று, உருண்டு எழு என்று சொன்னேன். ஆரம்பத்தில் அவளுக்கு முழங்கை எல்லாம் தோல் போயிற்று. என் மனைவி விஜி மஞ்சள் வைத்துக்கொண்டே என்னைத் திட்டுவாள். "பொண்ண இன்னா லாரின்னு நென்ச்சிகினியா, டிங்கரிங் பண்ற" என்பாள். பிரியா நிறுத்தவில்லை. "இன்னொருவாட்டி நைனா" என்றுதான் சொன்னாள்.

இதில் நான் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பரீட்சை வைத்தது நீங்கள். எந்தக் கேள்விக்கு மார்க் என்று எல்லாரும் பார்க்கும்படி கை தட்டிக் காட்டியதும் நீங்கள். நான் மார்க் வருகிற கேள்வியைப் பிள்ளைக்கு நன்றாகப் படிக்க வைத்தேன். நீங்கள் எதற்குத் தட்டுகிறீர்களோ அதைத்தானே பிள்ளை செய்யும்? பாயிண்ட் எடுத்ததற்குத் தட்டியிருந்தால் பாயிண்ட் எடுக்கச் சொல்லித் தந்திருப்பேன். விழுந்ததற்குத் தட்டினீர்கள், விழச் சொல்லித் தந்தேன்.

அது மட்டுமில்லை. நீங்கள் பெரிதாகச் சொல்லும் முயற்சி என்பது என்ன? மொட்டைமாடியில் அவள் நாள் தவறாமல் விழுந்து எழுந்தாளே, அது முயற்சி இல்லையா? வலியோடு பள்ளிக்கூடம் போனாளே, அது கணக்கில் வராதா? உங்கள் கண்ணெதிரில் செய்தால்தான் உழைப்பா?

இத்தனை நாள் உங்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் ஏமாந்ததற்கு என் பிள்ளை ஏன் பெஞ்சில் உட்கார வேண்டும்? இதற்குப் பதில் எழுதுங்கள்.

கஜபதி


நசரத்பேட்டை
19 ஜூலை 2025

கஜபதி சார்,

பதில் தாமதமாகிவிட்டது. எழுதிப் பார்த்தேன், கிழித்தேன். நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் காரணம். கோபத்தோடு சொன்னாலும் நீங்கள் சொன்னது சரி. நான் முயற்சிக்குத் தட்டுவதாக நினைத்துக்கொண்டு முயற்சி மாதிரி தெரிவதற்குத் தட்டியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் கை தட்டுவதை நிறுத்தினேன். மைதானமே செத்தது மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் ஒன்று கவனித்தேன். விழுந்து எழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பது பிரியா மட்டும் இல்லை. ஜெபா பார்க்கிறாள், தீபிகா பார்க்கிறாள், சின்னப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பந்து எங்கே போயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் பெண்ணுக்கு நீங்கள் மெத்தை விரித்தீர்கள். மற்றவர்களுக்கு நானே விரித்திருக்கிறேன்.

இப்போது ஒரு காரியம் செய்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் கோர்ட்டுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர்கள் ஆடுவதைப் பார்ப்பதில்லை, கேட்கிறேன். எதிர்ப்பக்கத்தில் கை பந்தில் படும் சத்தத்துக்கு முன்பே மண்ணில் ஷூ உரசும் சத்தம் வந்தால், எவளோ ஒருத்தி பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்துக் கால் வைத்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வந்தால் யாரும் கணிக்கவில்லை என்று அர்த்தம். விழுகிற சத்தம் எனக்கு வேண்டாம். முதல் எட்டு வைக்கிற சத்தம் போதும். பார்க்கிறவர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். வேம்புலி மட்டும் டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

முதல் நாள் பிரியாதான் கேட்டாள். "மிஸ், நீங்க பாக்கலைன்னா நாங்க எதுக்கு ஆடணும்?" என்றாள். திமிராகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளை வளர்த்து நான் உண்டாக்கி வைத்திருப்பது இந்தக் கேள்வியைத்தானா என்று இருந்தது.

உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். மாடியில் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். அவள் அங்கே பட்ட பாடு முயற்சிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பந்தை எடுக்கப் பட்ட பாடு இல்லை. அடுத்து, போட்டி முடியும் வரை நீங்கள் மைதானத்துப் பக்கம் வர வேண்டாம். என்னைப் பார்க்க முடியாததால் இப்போது அவள் கயிற்றுக்கு வெளியே உங்கள் பைக்கைத் தேடுகிறாள்.

பூந்தமல்லிக்கு ஆறு பேரை மறுபடி முதலிலிருந்து தேர்ந்தெடுக்கிறேன். பிரியாவுக்கும் மற்ற எல்லாருக்கும் உள்ள வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஜமீலா


கோவில்பதாகை
27 ஜூலை 2025

மேடம்,

நீங்கள் சொன்னபடி மெத்தையைச் சுருட்டிப் பரணில் போட்டேன். மைதானத்துக்கு வருவதையும் நிறுத்தினேன். சாயங்காலமானால் கை பரபரவென்று இருக்கிறது, பட்டறையிலேயே இன்னொரு வண்டியைக் கழற்றி உட்கார்ந்துவிடுகிறேன். சத்தத்தை வைத்து வண்டியைப் பார்ப்பது எங்கள் தொழிலிலும் உண்டு. அதனால் உங்கள் நாற்காலி விஷயத்தை நான் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பிள்ளை ஒடிந்து போய்விட்டாள். வியாழக்கிழமை வந்ததும் ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தவள்தான். வெள்ளியும் சனியும் மைதானத்துக்குப் போகவில்லை. இன்றும் போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், சாப்பிடுகிறாள், போய்ப் படுத்துக்கொள்கிறாள். திட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன். நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "நைனா, நெசமா சொல்லு. நா நல்லா ஆடுறேனா, இல்ல நல்லா வுழுறேனா?"

நல்லா ஆடுறே கண்ணு என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபோது, நான் சொன்னாலும் நம்ப மாட்டாள் என்று தெரிந்தது. மூன்று மாதம் நான்தானே அவளை விழ வைத்தேன். என்னிடம் கேட்டு அவளுக்கு என்ன லாபம்?

நீங்கள் ஒரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். நான் ஒரு பக்கம் வாயை மூடிக்கொண்டேன். நடுவில் பிள்ளை யாரைக் கேட்பாள்? இது உங்களுக்குப் பயிற்சியாக இருக்கலாம், எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பூந்தமல்லியில் இன்னொரு கோச் இருக்கிறார். பிரியாவைத் தெரியும் என்கிறார். தன் அணியில் போட்டிக்கு முதல் ஆறு பேரில் இறக்குவதாக என்னிடம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் பார்ப்பேன். அப்புறம் அவரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். சொல்லாமல் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கஜபதி


நசரத்பேட்டை
28 ஜூலை 2025

கஜபதி சார்,

கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அவளுக்கு இடம் உறுதி, இங்கே இல்லை. அப்பாவாக நீங்கள் அப்படி நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. நானும் என் முறையை மாற்றப்போவதில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வியாழக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அன்று இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டிருந்தேன். வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் ஜெபா எகிறுகிற சத்தம் கேட்டது. அவள் கை பந்தில் படுவதற்கு முன்பே, நன்றாக முன்பே, மண்ணில் ஒரு கால் உரசியது. இத்தனை நாளில் அவ்வளவு சீக்கிரம் வைத்த ஒரு காலை நான் கேட்டதில்லை. என்னால் உட்கார முடியவில்லை. என் விதியை நானே மீறித் திரும்பிப் பார்த்தேன். ஜெபா பலமாக அடிப்பது மாதிரி காட்டி மெதுவாகத் தட்டிவிட்ட பந்து அது. நெட்டுக்குப் பக்கத்தில் சொத்தென்று விழ வேண்டியது. பிரியா அதற்குக் கீழே ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் கொடுத்தாள், பந்து அழகாக மேலே போனது. விழவில்லை. மண்கூட அவள் மேல் படவில்லை. கூட ஆடின ஒருத்திக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது பார்க்க.

அவள் என் நாற்காலியைப் பார்ப்பதற்குள் நான் திரும்பிக்கொண்டுவிட்டேன். கை தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று உள்ளங்கை துடித்தது சார், பொய் சொல்லவில்லை. தட்டியிருந்தால் அவள் மறுநாள் வந்திருப்பாள். ஆனால் அந்தப் பந்தும் என்னுடையதாகிவிடும். ஒன்றாவது அவளுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதனால்தான் அவள் ஷூவை எறிந்திருக்கிறாள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் புரிகிறது. நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். வியாழக்கிழமை ஆட்டத்தில் ஏதாவது ஒரு பந்து ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எந்தப் பந்து என்று சொல்லாதீர்கள். நான் பார்த்தேன் என்றும் சொல்லாதீர்கள். அவள் அந்தப் பந்தைச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். சொல்லவில்லை என்றால் பூந்தமல்லிக்கே அழைத்துப் போங்கள், நான் மனதார வாழ்த்தி அனுப்புகிறேன்.

ஜமீலா


கோவில்பதாகை
30 ஜூலை 2025

மேடம்,

நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். பூந்தமல்லிக்காரர் இன்று காலை பதில் கேட்டு போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

முதலில் "இன்னா பந்து? ஒண்ணுமில்ல" என்றாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பின்னாலேயே வந்து சமையலறை வாசலில் நின்றாள். "ஒண்ணு இருந்திச்சி நைனா. ஜெபா போட்டது" என்றாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. ஜெபா பலமாக அடிக்கும்போது வலது தோளைப் பின்னால் இழுப்பாளாம், அன்றைக்கு இழுக்கவில்லையாம். "தோளு வராதப்பவே தெரிஞ்சிபோச்சு, இது சும்மா தட்டப்போறான்னு. எனக்குக் காலு தானா போயிடுச்சு" என்று அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஓடிக் காட்டினாள். விஜி கையிலிருந்த குழம்புச் சட்டி தப்பியது பெரிய விஷயம். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், "கஷ்டமான பந்து நைனா அது. யாருக்குமே தெரில."

மேடம் பார்த்தார்கள் கண்ணு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்ததால் விழுங்கினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

காலையில் மூலையில் கிடந்த ஷூவைத் தானே எடுத்துத் துடைத்தாள். பூந்தமல்லிக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம் வருகிறாள். உறுதியாகக் கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டு, உறுதி இல்லாத உங்களிடம் அனுப்புகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

கஜபதி


நசரத்பேட்டை
11 ஆகஸ்ட் 2025

கஜபதி சார்,

நீங்கள் சொன்ன சொல் தவறாமல் போட்டிக்கும் வராமல் இருந்தீர்கள். அதனால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

பிரியாவை முதல் ஆறு பேரில் இறக்கினேன். சலுகை இல்லை. இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் முதலில் வைக்கிற கால் அநேகமாக அவளுடையதாகத்தான் இருந்தது. பூந்தமல்லியில் எல்லா ஆட்டத்திலும் ஆடினாள். இறுதி ஆட்டத்தில் எதிரணிப் பெண்கள் எங்கே போட்டாலும் அங்கே அவள் நின்றாள். நாம் ஜெயித்தோம். கோப்பை இப்போது வேம்புலியின் அறையில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் தானே ஆடி ஜெயித்த மாதிரி காட்டிக்கொண்டிருக்கிறார். இவ்வளவும் அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள்.

சொல்லாதது ஒன்று இருக்கிறது. அவளுக்கு இன்னும் தெரியாது. விடுதிக்காரர்கள் இன்று கோச்சுகளைக் கூப்பிட்டுப் பட்டியலைப் படித்தார்கள். நம் அணியில் ஜெபா பெயர் இருக்கிறது. பிரியா பெயர் இல்லை. தோற்ற அணியில் பின்வரிசையில் ஆடிய ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். நல்ல பெண்தான், நிறையப் பாய்ந்தாள், நிறைய விழுந்தாள். கால்வாசிப் பந்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

நான் விடவில்லை. தேர்ந்தெடுத்தவரிடம் போய்ப் பேசினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க ஏழாம் நம்பர் பொண்ணு அதிர்ஷ்டக்காரி மேடம். அவ நிக்கிற இடத்துக்கே பந்து வருது. ஆனா ஒரு வேகம், ஒரு வெறி தெரியலையே" என்றார். பந்து அவளிடம் வரவில்லை, அவள்தான் முன்னாலேயே போய் நிற்கிறாள் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். பட்டியல் முடிந்துவிட்டது என்றார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் மேல் மட்டும் இல்லை. போன மாதம் வரை நானும் அவர் மாதிரிதானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் வழியில் விட்டிருந்தால் அவள் பெயர் பட்டியலில் வந்திருக்கும். என் வழியில் வந்ததால் போயிற்று. இதை மறைத்துப் பேச எனக்கு வராது. மனசு ரொம்ப வலிக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கே இன்னொரு பெண் வந்தாலும் இப்படித்தான் சொல்லித் தருவேன். விடுதி இல்லாமலும் மேலே போக வழி இருக்கிறது. அது நீளமான வழி, அவள் வந்தால் நான் கூட நடப்பேன்.

அவளிடம் யார் சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நான்தான் சொல்ல வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்கே வந்து சொல்கிறேன்.

ஜமீலா


கோவில்பதாகை
13 ஆகஸ்ட் 2025

மேடம்,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்ததும் கசக்கி எறிந்தேன். பையன்களெல்லாம் இன்னா முதலாளி என்று கேட்டார்கள். உங்களிடம் வந்து கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்து சண்டை போட வேண்டும் என்று இருந்தது. பைக்கைக்கூட எடுத்துவிட்டேன். திருமுல்லைவாயில் வரை வந்து, அப்புறம் வீட்டுக்கே போய்விட்டேன். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது நான் என்று தோன்றியது.

சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "ஜெபாவுக்குக் கெடச்சிதா?" கிடைத்தது என்றேன். சரி என்றாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். வெளியில் எங்களுக்குக் கேட்கக் கூடாதாம். நானும் விஜியும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். என்ன சொல்லித் தேற்றலாம் என்று நான் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்தேன். உங்களைத் திட்டலாம், அந்த ஆளைத் திட்டலாம், மெத்தையை இறக்கலாம் என்றுகூட யோசித்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே என்னிடம் சொன்னாள். "அவங்களுக்குத் தெரில நைனா. பந்து எங்க வரப்போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சிது. அதான் நா வுழவே இல்ல." அப்புறம் விஜியிடம் போய் பசிக்குது என்றாள்.

நான் அவளைத் தேற்ற நின்றவன். அவள் எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டுப் போகிறாள். நன்றாக ஆடுகிறேனா என்று போன மாதம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டவள் இவள்தான். இந்தத் தடவை அவள் என்னை எதுவும் கேட்கவில்லை.

அதற்காக விடுதி போனது சரியாகிவிடுமா? ஆகாது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது, அதை எழுதாமல் இருந்தால் முதல் கடிதத்தில் நான் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். கொஞ்ச நாள் இருக்கும். நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம், விஜி உங்களை ஏதாவது சொல்லிவிடுவாள்.

ராத்திரி அந்தப் பூந்தமல்லி கோச் மறுபடியும் போன் செய்தார். இன்னொரு விடுதியில் தனக்கு ஆள் தெரியும், தன் கிளப்பில் சேர்ந்தால் அடுத்த மாதமே பேசி முடிப்பதாகச் சொன்னார். இந்தத் தடவை நான் பதில் சொல்லவில்லை. போனைப் பிரியாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "நாளைக்கு ஆவடில எனக்கு பிராக்டிஸ் இருக்கு சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கஜபதி